வேடியப்பன் கட்டை

மலை ஏறும் லாரிக்கு டிரைவர் ஒருவன் மட்டும் போதாது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஏற்காட்டுப் பாதையின் வளைவுகளில் பழைய லாரி ஒரே மூச்சில் திரும்பாது. பாதி திரும்பி நிற்கும்போது, பின்னால் இருப்பவன் குதித்துச் சக்கரத்தின் அடியில் கட்டை போடவேண்டும். இல்லாவிட்டால் வண்டி பின்னால் உருண்டு பள்ளத்தில் கிடக்கும். அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டின் கட்டைக்காரன் வேடியப்பன்.

ஒரு மழைநாளில், சேலத்திலிருந்து அரிசி ஏற்றி வந்த லாரி வழுக்கியது. கட்டை வண்டியைப் பிடித்து நிறுத்தியது. அதற்குள் சக்கரம் அவன் காலை நசுக்கிவிட்டது. பயப்படாதீர்கள் கண்ணுகளா, உயிர் போகவில்லை. ஆனால் அந்தக் கால் இனி மலை ஏறாது.

இன்சூரன்ஸ்காரர் விசாரிக்க வரும் நாளன்று, காலையிலேயே எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர், கூலிகள் குடியிருக்கும் லைனில் வேடியப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார். பிரேக் சரியில்லை என்று டிரைவர் கருப்பண்ணன் சொல்லியும் லாரியை அனுப்பியவர் அவர்தான். வேடியப்பன் மனைவி மருதாயி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

“உன் புருசன் சந்தைக்குப் போயிட்டு ஓசியில ஏறி வந்தான். கருப்பண்ணன் தொரைக்குத் தெரியாம ஏத்திக்கிட்டான். இதைத்தான் சொல்லணும்.”

“ஏனுங்க அப்படி?”

“எஸ்டேட் வேலையில அடிபட்டா தொரையும் இன்சூரன்சும் பொறுப்பு. சொந்த வேலையா ஏறுனவனுக்கு யாரு பொறுப்பு? வாய் தப்புச்சுன்னா இந்த ஊடு உனக்கில்ல.”

“கருப்பண்ணண்ணன் வேலை போயிருமுங்களே, பாவம்!”

“அவன் கண்ணை நீ தொடைக்க வேண்டாம்.”

உள்ளேயிருந்து வேடியப்பன் முனகினான்: “ஆபீசுக்குப் போறப்ப கட்டையை ஒப்படைச்சிரு புள்ள.”

அது அங்கே வழக்கம். திருவிழாவில் மலைச்சாமி சேர்வராயன் முன்னால் வைத்துக் கும்பிட்ட கட்டை. கட்டைக்காரன் படுத்துவிட்டால் அவன் வீட்டார் அதைத் துரை கையில் கொடுக்கவேண்டும். துரை கொடுத்தால்தான் அடுத்தவன் தொடுவான்.

ஆபீசில் துரைக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் எதிரே, கட்டையை முந்தானைக்குள் பிடித்தபடி மருதாயி நின்றாள்.

“உங்க வீட்டுக்காரர் எதுக்கும்மா லாரியில ஏறினார்?” என்றார் இன்சூரன்ஸ்காரர்.

ரைட்டர் இருமினார்.

“சந்தைக்குப் போயிட்டு வந்தாருங்க...”

சுவரோரம் நின்ற கருப்பண்ணன் தலையைத் தொங்கப்போட்டான். இன்சூரன்ஸ்காரர் நிம்மதியாகப் பேனாவை மூடினார். அவள் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் புருசன் சொன்ன வேலை பாக்கி இருந்தது. முந்தானையை விலக்கி, கட்டையை இரண்டு கையாலும் துரையிடம் நீட்டினாள். துரை பழக்கத்தில் எழுந்து வாங்கிக்கொண்டார்.

“வேடியப்பன் கட்டை” என்றார்.

ரைட்டர் முகம் செத்துப்போயிற்று. இன்சூரன்ஸ்காரர் நிமிர்ந்தார். “சந்தைக்குப் போனவர் கட்டையைத் துரைகிட்ட ஏம்மா கொடுக்கறீங்க?”

மருதாயிக்கு வீட்டுக் கூரை கண்ணில் ஆடியது. பாயில் கிடக்கும் கால் அதற்கும் மேலே வந்து நின்றது.

“பொய் சொல்லிட்டேனுங்க சாமி. கட்டை போடத்தானுங்க ஏறுனாரு. எஸ்டேட் அரிசிக்குத்தானுங்க!”

“அப்ப துரையும் எங்க கம்பெனியும்தான் பதில் சொல்லணும்” என்று அவர் கசப்போடு பேனாவைத் திறந்தார். துரை கட்டையைக் கீழே வைக்கவே இல்லை.

அவள் ஓட்டமாய் வீடு வந்தாள். கதவில் ரைட்டர் இன்னும் பூட்டுப் போட்டிருக்கவில்லை. சற்று நேரத்தில் வெளியே காலடிச் சத்தம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வந்தவன் கருப்பண்ணன்.

“பிரேக்கு பாக்காம லாரி நகரக்கூடாதுன்னுட்டாரு தொரை. என்னையும் வேலையை விட்டுப் போகச் சொல்லல, அம்மிணி.”

“ஊட்டைப் பத்தி?”

“அதை ஒண்ணும் சொல்லல.”

அவன் போனதும் மருதாயி கதவைச் சாத்தினாள். ரைட்டர் வந்துவிடுவாரோ என்று மனசு கேட்கவில்லை. குழவிக்கல்லை உருட்டி வந்து, கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.