இடம் மாறிய கோப்பு

"கிடங்கு, இங்க கொஞ்சம் வாங்களேன்!"

கணினிப் பிரிவின் தலைவி கூப்பிட்டதும் அந்த ஊழியர் எழுந்தார். பொருள் கிடங்கிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று ஆண்டுகள் ஆகியும் அவருக்கு அந்தப் பெயர்தான்.

தலைவி காலையிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். விடுமுறைப் பட்டியலைத் தன் சொந்த ஃபோல்டரிலிருந்து எடுத்து அலுவலக இணையதளத்தின் ஃபோல்டரில் போட்டிருந்தார். யார் திறந்தாலும் "அனுமதி இல்லை" என்றே வந்தது.

"எல்லாருக்கும் அனுமதி குடுத்தாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?"

வந்தவர் திரையைப் பார்த்தார்.

"நீங்க காப்பி பண்ணல மேடம், அப்படியே நகர்த்திட்டீங்க. பழைய பாதுகாப்பு லேபிளும் கூடவே வந்திருச்சு. கோப்பு எங்க இருக்குன்னு சிஸ்டம் பாக்காது, லேபிளத்தான் பாக்கும். இன்னும் உங்க சொந்தக் கோப்புன்னே நினைச்சுக்கிட்டிருக்கு."

"அடக் கடவுளே! இப்ப என்ன பண்றது?"

"இந்த இடத்துக்கு ஏத்த லேபிளப் போடணும். ஒரே வரிதான்."

சொல்லிவிட்டு அவரே தட்டினார். பட்டியல் பளிச்சென்று திறந்தது. தலைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா!" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. "நம்ம கிடங்கு ஒரே நிமிஷத்துல முடிச்சிட்டார்!"

அவர் சிரித்துவைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். தன்னுடைய லேபிளை மாற்ற எந்த வரியைத் தட்டுவது என்றுதான் அவருக்கு இன்னும் தெரியவில்லை.