சாமைக் கட்டுரையின் ஐந்து கேள்விகள்

வங்கி, கப்பல், விண்வெளி என்று எதைப் பற்றி இங்கிலீஷ் கட்டுரை கொடுத்தாலும் இளமதி ஒரு கை பார்த்துவிடுவாள். விவசாயம் என்று வந்தால்தான் வம்பு. கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், மலைமேல் வாழவந்தி நாட்டில் தங்கள் காட்டில் என்ன நடக்கிறதோ அதைக் குறித்துவிட்டு வருவாள். மிளகைப் பற்றிய மாதிரித் தேர்வில் ஐந்தும் தப்பு. மிளகுக் கொடிக்கு நடுவே வளர்ந்தவளுக்குப் பூஜ்யம்!

போயும் போயும், சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் சாமையைப் பற்றிக் கட்டுரை வந்து தொலைத்தது. சேலத்தில் எழுதிவிட்டு வந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போட்ட கணக்குப்படி அந்த ஐந்து கேள்விகளில் குறைந்தபட்சம் நான்கு சரியாக இருந்தால் இடம் கிடைக்கும். குறைந்தால் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

இன்று காலை போனில் விடைகள் வந்துவிட்டன. வினாத்தாளை மடியில் விரித்து உட்கார்ந்தாள். அம்மா கண்ணாயி பக்கத்தில் குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னதான் கண்ணு எழுதியிருந்தாங்க?"

"வெளைச்சல் கம்மிங்கறதாலதான் மலைக்காரங்க சாமையை உட்டுட்டாங்களாம்மா."

"பச்சைப் பொய்யி!"

"எனக்குந் தெரியும். ஆனா கட்டுரை என்ன சொல்லுதுன்னுதான கேக்கறாங்க? பல்லைக் கடிச்சுக்கிட்டு அதையே குறிச்சேன்."

ஒன்று சரி. இரண்டு சரி. மூன்று தப்பு. நான்கு சரி.

மிச்சம் ஐந்தாவது. விளைச்சல் கம்மி என்ற அந்த வாதத்தைப் பலவீனமாக்குவது எது என்று கேட்டிருந்தார்கள். 'சாமை குத்தும் மெஷின் வந்த ஊர்களில் ஜனங்கள் மறுபடி சாமை விதைத்தார்கள்' என்று ஒரு விடை. அதைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்து, யோசிக்காமல் குறித்துவிட்டாள். பழைய புத்தி போகவில்லையே என்று வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டது அதற்காகத்தான்.

போனைப் பார்த்தாள். சரி! மூன்று தடவை பார்த்தாள். உடம்பே லேசாகிவிட்டது, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கேள்வியையும் தான் குறித்த விடையையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள்.

"ஆமா, உரல்ல குத்தி மாளாமத்தான சாமி நாம சாமையை உட்டோம்?"

"நீ ஒலக்கை புடிச்சதை நெனச்சுத்தாம்மா போட்டேன்."

கண்ணாயி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காய்ப்பு ஏறிய உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"அப்ப இதுக்கும் ஒரு மார்க்கு இருந்திருக்குதா, கண்ணு?"