ஒன்பது அங்குல மலை

நிலத்தடி நீர் அலுவலகத்தில் புது வரைபடம் மாட்டப்பட்ட திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, எங்கள் தெருவில் மூன்று மாடி வீட்டின் கிணறு வற்றியது; அடுத்த ஓட்டு வீட்டின் சமையலறையில் தரையைப் பிளந்துகொண்டு ஊற்று வந்தது. அன்று தக்காளியும் விலை ஏறியிருந்ததால் பலர் கவனிக்கவில்லை. மாடி வீடு அண்ணனுடையது, ஓட்டு வீடு தம்பியுடையது. நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். அது யார் நிலத்தில் நிற்கிறது என்ற வழக்கில் பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வரைபடத்தைத் தயாரித்தவர் தம்பி.

தயாரிக்கும் விதத்தைத் தம்பி மனைவி நாங்கள் கேட்காமலேயே சொல்லியிருக்கிறாள் (நாங்களும் கேட்பதாகத்தான் இருந்தோம்). சரிவு, பாறை, மண், ஓடை என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், தண்ணீர் தங்கும் இடத்துக்கு நீலமும் தங்காத இடத்துக்குச் சிவப்பும் கணினியே பூசிவிடுமாம். உயரத்தைச் செயற்கைக்கோள் சொல்லும். மேலிருந்து பார்ப்பதால் அதற்குக் கூரையும் தரைதான். கட்டடங்களைக் கழிக்க வேண்டியது வரைகிறவர் பொறுப்பு. தம்பி கழிக்கவில்லை. அண்ணன் வீடு குன்றாகிச் சிவந்தது, தம்பி வீடு பள்ளமாகி நீலமானது. முத்திரை குத்திய காகிதத்தை மனிதர்களே எதிர்ப்பதில்லை, தண்ணீரும் எதிர்க்கவில்லை.

ஏழு பேர் குளிக்க வேண்டிய வீடு. அண்ணன் மனைவி காலிக் குடத்தோடு வந்து தம்பி வாசலில் நின்றாள்.

"மொட்டை மாடிக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத படிப்பு என்னப்பா படிப்பு?"

"சாட்டிலைட் பொய் சொல்லாது அண்ணி. மூணு மாடி கட்டும்போதே உங்க வீட்டுக்காரர் யோசிச்சிருக்கணும்."

"ஒரு பட்டனை அழுத்தினா கட்டடம் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் உள்ளிருந்து தம்பி மனைவி, முழங்கால் வரை ஊற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு.

"போயிடும்னு சொன்னேன். அழுத்துவேன்னு சொன்னேனா?"

அலுவலகம் வருடத்துக்கு ஒருமுறை வரைபடத்தைப் புதுப்பிக்கும். அண்ணன் தம்பியிடம் கேட்கவில்லை. மூன்றாம் மாடியை இடித்தார். அந்த வருடம் கிணற்றில் ஒரு சாண் தண்ணீர் வந்தது. மறு வருடம் இரண்டாம் மாடி, அதற்கு மறு வருடம் முதல் மாடி. நான்காம் வருடம் மிச்சத்தையும் இடித்துவிட்டு, ஓட்டு வீட்டைவிட ஒரு முழம் தாழ்வாகத் தகரக் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு குனிந்து நுழைந்தார். புது வரைபடம் வந்த காலையில் தம்பி வீட்டு ஊற்று நின்றது, அண்ணன் கிணறு வழிந்தது. அவர் வேண்டுமென்றே வாசலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து மூன்று முறை குளித்தார்.

"இப்பவாவது அழுத்துங்களேன், குடிக்கத் தண்ணி இல்ல," என்றாள் தம்பி மனைவி.

"இப்ப அழுத்தினா தப்பு என்னுதுன்னு ஆயிடும்," என்று சொல்லிவிட்டுத் தம்பி ஓடுகளைப் பிரித்து, கூடத்தைத் தோண்ட ஆரம்பித்தார். அண்ணனும் மண்வெட்டி வாங்கினார்.

இப்போது அண்ணன் குடும்பம் பதினெட்டு அடி ஆழத்திலும் தம்பி குடும்பம் பத்தொன்பதரை அடியிலும் இருக்கின்றன. தபால்காரர் ஏணி கொண்டு வருகிறார். நாங்கள் விளிம்பில் நின்று நலம் விசாரிக்கிறோம். இரண்டு பள்ளத்திலிருந்தும் திட்டுதான் மேலே வருகிறது. வழக்கு நடப்பதால் சுவரை மட்டும் யாரும் தொடவில்லை. இந்த வருட வரைபடத்தில் அது ஊரின் ஒரே மலை, அடர் சிவப்பு. மழை வந்தால் அதன் உச்சியில் ஒரு சொட்டுகூடத் தங்குவதில்லை.