யாருமில்லீங்க

நாச்சம்மாள் முழுவதுமாகக் கண்ணுக்குத் தெரியாமல் போன வருஷம் கொப்பரை விலை நன்றாக ஏறியிருந்தது. அதனால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் அந்த ஊரில் அது புதிதும் அல்ல. கல்யாணமாகி வருகிற பெண்களுக்கு முதலில் ஒரு விரல் போகும். பிறகு முழங்கை, தோள், முகம் என்று ஒவ்வொன்றாகப் போகும். கடைசியில் குரல். உடம்பு அங்கேயேதான் இருக்கும். வேலை செய்யும், பசிக்கும், காய்ச்சல் வரும். பார்க்க மட்டும் முடியாது. உடுத்தியதும் உடம்போடு சேர்ந்து மறைந்துவிடும். கையில் எடுத்த பொருள் மறையாது. காலையில் நாச்சம்மாளின் புருஷன் குப்பண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருக்க, காபி டம்ளர் அடுக்களையிலிருந்து தனியாகக் காற்றில் நடந்து வரும். சூடாக வந்தால் அவருக்குப் போதும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேங்காய் வியாபாரியோ விவசாய ஆபீஸான கிருஷிபவன்காரரோ, வாசலில் வந்து நிற்கிற எவரும் "ஊட்டுல யாராச்சும் இருக்கறீங்களா?" என்று கேட்பார்கள். ஆண்கள் தோப்புக்குப் போயிருந்தால், உள்ளேயிருந்து வருகிற பெண் "யாருமில்லீங்க" என்பாள். கதவைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றபடிதான் சொல்வாள். கேட்டவரும் சரியென்று திரும்பிப் போவார். தொட்டிலில் ஆண் குழந்தை கிடந்தால் "பையன் இருக்கறானுங்க" என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் போகும். வலிக்காது. இரண்டு கைகளும் போனபோது நாச்சம்மாள் பஸ் ஏறிப் பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம் போனாள். உட்கார்ந்ததும் டாக்டர் நிமிர்ந்து, "கூட யாரும் வரலீங்களா?" என்று கேட்டார். பழக்கத்தில் அவள் வழக்கமான பதிலையே சொன்னாள். வெளியே வரும்போது கழுத்தும் போயிருந்தது.

மகன் கோகுல்நாத்துக்கு உடுமலைப்பேட்டையிலிருந்து கிருத்திகாவைக் கட்டிவந்தார்கள். முதல் நாள் காலை டம்ளர் காற்றில் வருவதைப் பார்த்து அவள் கத்தினாள். யாரும் எழுந்து வரவில்லை. தெரியாத ஒரு கை அவள் தலையைத் தடவிக் கொடுத்தது. அப்போது நாச்சம்மாளுக்குக் குரல் கொஞ்சம் மிச்சமிருந்தது. "போச்சாது உடு அம்மணி. தெரிஞ்சு மட்டும் என்னத்தப் பண்ணப்போறேன்?" என்றாள். ஊரில் நடப்பது என்னவென்று விளங்கியதும் கிருத்திகா ஒன்றை முடிவு செய்தாள். செத்தாலும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

அந்த வாரமே தேங்காய் வியாபாரி வந்து கேட்டார்.

"நான் இருக்கறனுங்க," என்றாள் கிருத்திகா.

வியாபாரி சிரித்துவிட்டார். "நீங்க இருக்கறது தெரியுதுங்க அம்மணி. யாராச்சும் இருக்கறாங்களான்னு கேட்டேன்."

"அதான் நான் இருக்கறனே."

"செரி, செரி. யாருமில்லாதப்ப வந்துட்டேன். அப்பறமா வர்றனுங்க."

அவள் உள்ளே போய் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

அதன்பிறகு அவளுக்கு ஊரில் பேர் 'இருக்கறவ' என்றாயிற்று. கோவில் நோன்பில் மாவிளக்குத் தட்டுகள் வரிசையாகக் காற்றில் மிதந்து வரும். நடுவில் கிருத்திகா ஒருத்தி மட்டும் தலையிலிருந்து கால்வரை தெரிவாள். "இருக்கறவ வர்றா, வழி உடுங்க," என்று வெற்றுக் காற்றிலிருந்து சிரிப்பு வரும். கல்யாண வீட்டுப் போட்டோக்களில் சின்னப் பெண்களோடு அவள் மட்டும் விழுவாள். கோகுல்நாத்துக்கு அது கூச்சமாக இருந்தது. "எல்லாரும் சொல்றதச் சொல்லிட்டுப் போயேன் புள்ள. என்ன கொறஞ்சு போயிரும்?" என்றான். அவள் தன் கையை அவன் முன்னால் நீட்டிக் காட்டினாள். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

நாச்சம்மாளின் குரலும் போனபிறகு, அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்கிற ஒரே ஆள் கிருத்திகாதான். அடுக்களைக்குள் நுழையுமுன், கிணற்றடிக்குப் போகுமுன், "அத்தை, எங்க இருக்கறீங்க?" என்பாள். எங்கிருந்தாவது கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டு கேட்கும். சில மத்தியானங்களில் வேலை எதுவும் இல்லாமலே கிருத்திகா கேட்பாள். உடனே தட்டு கேட்கும். அப்படிச் சில வருஷங்கள் போயின. அவளுக்கு ஒரு விரல்கூடக் குறையவில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் களம் நிறையக் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. கிழக்கே வானம் கறுத்து, காற்று மாறியது. நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும். வீட்டில் எல்லோரும் ஓடினார்கள். பலகை ஒன்று தானாகக் கொப்பரையைத் தள்ளிக் குவித்துக்கொண்டிருந்ததைக் கிருத்திகா பார்த்தாள். பிறகு தார்ப்பாய் எடுக்க ஓடினாள். திரும்பி வரும்போது கோகுல்நாத் டிராக்டரை ரிவர்ஸில் களத்துக்குள் ஏற்றிக்கொண்டிருந்தான். முதல் தூறல் விழுந்துவிட்டது.

"ஏ புள்ள, பின்னாடி யாராச்சும் இருக்கறாங்களா, பாரு!"

அவள் பார்த்தாள். குவியல் இருந்தது. பக்கத்தில் பலகை தரையில் கிடந்தது. காலித் தேங்காய்ச் சாக்கு ஒன்று சுருண்டு கிடந்தது. ஆள் எவரும் தெரியவில்லை.

"யாருமில்லீங்க, வாங்க!"

பின்சக்கரம் எதன்மேலோ ஏறி இறங்கியது. கோகுல்நாத் எட்டிப் பார்த்து, "கல்லா?" என்று கேட்டான்.

கிருத்திகா தார்ப்பாயைக் கீழே போட்டாள். "அத்தை, எங்க இருக்கறீங்க?" என்று கேட்டாள். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. மறுபடி கேட்டாள். பிறகு மூன்று பேரும் மண்டியிட்டு, கொப்பரைக்குள் கைவிட்டுத் துழாவினார்கள். குப்பண்ணனின் கைகள் ஓரிடத்தில் நின்றன. தோளிலிருந்த துண்டை எடுத்து அங்கே போர்த்தினார். துண்டு தரையில் படியாமல், படுத்திருக்கிற ஓர் ஆளின் வடிவத்தில் நின்றது. கொப்பரை முழுவதும் நனைந்தது.

மறுநாள் எரித்தார்கள். விறகுக்கு நடுவே ஒரு வெற்றிடத்தைச் சுற்றி நெருப்பு எரிந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. காரியம் முடிந்து உறவினர்கள் போனார்கள். எதிர்பாராத விபத்து என்றார்கள். கிருத்திகாவை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. பின்னால் ஆள் இல்லை என்று அவள் சொன்னதில் ஊரில் எவருக்கும் தப்பு தெரியவில்லை.

அடுத்த வாரம் தேங்காய் வியாபாரி வந்தார். ஆண்கள் தோப்பில் இருந்தார்கள். "ஊட்டுல யாராச்சும் இருக்கறீங்களா?" என்றவர், கிருத்திகா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, அவள் வழக்கமாகச் சொல்லும் பதிலுக்குச் சிரிக்கத் தயாராக நின்றார். அவள் வாயைத் திறந்தாள். களத்தில் அதைச் சொன்ன வாய்க்கு, இருக்கிறேன் என்பது வரவில்லை.

"யாருமில்லீங்க," என்றாள்.

"செரிங்க அம்மணி," என்று அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை குப்பண்ணனுக்குக் காபி நேரத்துக்கு வந்தது. டம்ளரைப் பிடித்திருந்த கையில் சுண்டுவிரல் இல்லாததை அவர் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார். கொப்பரை விலை அந்த வாரமும் இறங்கவில்லை.