கடலுக்குப் பின்னால் ஒரு வள்ளம்

மழைக்கு முந்தைய வெளிச்சம். கண்ணாடிபோல் தெளிந்த ஒரு அக்ரிலிக் பெட்டி. வெளிச்சம் அதற்குள் இறங்கி, வெளியேற மனமில்லாமல் நின்றது.

கம்ப்யூட்டர் கீபோர்டைப் பொருத்தும் பெட்டி அது. உள்ளே இன்னும் எதுவும் இல்லை. நான்கு சுவர், ஒரு தரை. முன்சுவர் இரண்டு விரல் உயரம். அந்த இரண்டு விரல் உயரத்துக்குள் ஜெனிட்டா தன் பதிலை வரைய வேண்டும்.

தூத்துக்குடியில் நம்பர் பிளேட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் பெயின்ட் அடிப்பவள் ஜெனிட்டா. வாய் ஓயாது. ஒரு பூச்சு காய்வதற்குள் மூன்று தெருக் கதையைச் சொல்லி முடிப்பாள். அப்பேர்ப்பட்டவளுக்குப் போன செவ்வாய்க்கிழமை வாயடைத்துப்போனது.

காரணம் ரொசாரியோ. எதிர்க்கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பவன். ஊரார் கல்யாணத்தையெல்லாம் அடித்துக் கொடுத்தவன், தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசத் தெரியாமல் இரண்டு வருஷம் இழுத்தான். கடைசியில் புதுக் கீபோர்டின் பெட்டியை அவள் மேஜையில் வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“என்னைக் கட்டிக்கிடுதியா? வாயால சொல்ல வேண்டாம். இஷ்டம்னா, இதுக்கு உள்பக்கம் கடல் வரைஞ்சு ஒரு வள்ளம் விடு. இஷ்டமில்லன்னா கடல் மட்டும் போதும். நான் புரிஞ்சுக்கிடுவேன்.”

உள்பக்கம் வரையச் சொன்னது, கைபட்டுக் கைபட்டு நிறம் தேயாமலிருக்க.

பதில் அவளுக்கு அப்போதே தெரியும். கைக்குத்தான் பொறுமையில்லை.

முதலில் நீலம். மெல்லிய நீலம். எதில் வரைந்தாலும் முதலில் பின்னணி, அப்புறம்தான் படம். பத்து வருஷப் பழக்கம்.

நீலம் காய்ந்தது. நீலத்தின்மேல் வள்ளம். கெட்டிக் கறுப்பில் ஒரு தடவைக்கு மூன்று தடவை பூசினாள். வள்ளத்தில் இரண்டு பேர். அதோடு ஆசை விடவில்லை. ஒரு கோழியையும் ஏற்றினாள்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அழகு. மறுபடி எட்டிப் பார்த்தாள். சந்தோஷத்தில் பசியே இல்லை.

வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. உள்ளிருந்து வரைந்தால் எல்லாம் தலைகீழ். முதலில் பூசியதுதான் வெளியே தெரியும். பின்னால் பூசியதெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஹெல்மெட்டில் பழகிய கைக்கு அது எங்கே தெரியும்.

மாலை. மழை. கடைக்குள் இருட்டு. ரொசாரியோ நனைந்துகொண்டே வந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். நடுவில் பெட்டி.

ஒரே சுவர். அவள் பார்த்த பக்கம் வள்ளம் போனது. அவன் பார்த்த பக்கம் கடல் மட்டும் இருந்தது.

“கடல் நல்லாருக்கு,” என்றான். அவ்வளவுதான்.

வள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜெனிட்டா பெட்டிக்குள் மறுபடி எட்டிப் பார்த்தாள்; வள்ளம் அங்கேதான் இருந்தது. கேட்டவனுக்கு மனசு மாறிவிட்டதா? கோழி பிடிக்கவில்லையா? கேட்க நினைத்தாள். கேட்காமல், காய்ந்துபோன பிரஷ்ஷை எடுத்துத் துடைத்தாள்.

அவனுக்கோ நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. கொண்டுவந்த கீபோர்டைப் பெட்டிக்குள் பொருத்தி, நான்கு திருகாணியையும் முடுக்கினான். ஓடிப்போகத்தான் ஆசை. ஆனாலும் அவள் வேலை செய்து கொடுத்ததை ஒரு தடவை போட்டுப் பார்க்காமல் போவது மரியாதையில்லை.

“ஓடுதான்னு மட்டும் பாத்துக்கிடுதேன்,” என்று ஒயரை அவள் கம்ப்யூட்டரில் சொருகினான்.

கீபோர்டின் அடியில் வரிசையாக விளக்குகள் எரிந்தன. வெள்ளை வெளிச்சம். மெல்லிய நீலத்தை அது தாண்டியது. கெட்டிக் கறுப்பைத் தாண்ட முடியவில்லை.

கடல் ஒளிர்ந்தது. கடலுக்குள்ளிருந்து ஒரு வள்ளம் வந்து நின்றது.

ரொசாரியோ குனிந்தான். அவன் முகமெல்லாம் நீலம். அந்த முகத்தில் சிரிப்பு பரவுவதைப் பார்த்து, ஜெனிட்டா மேஜையைச் சுற்றி ஓடிவந்தாள். அவன் பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

“ரெண்டு பேரு இருக்காங்க,” என்றான்.

“கோழியும் இருக்கு.”

“துடுப்பு ஒண்ணுதான் இருக்கு புள்ள.”

“அது உனக்கு,” என்றாள் ஜெனிட்டா. “நீ துடுப்பு போடு. நான் பேசிக்கிட்டே வாரேன்.”