சட்டிக்குள் விழுந்த இரும்பு

நகை செய்யும் இரண்டாம் நிலை வகுப்பில் ஒரே ஒரு சட்டம்தான். அமிலச் சட்டிக்குள் இரும்பு போகக் கூடாது. பற்றவைத்ததில் கறுத்துப்போன வெள்ளி அந்தச் சட்டியில் ஊறினால் வெளுத்துவிடும். போடவும் எடுக்கவும் செம்பு இடுக்கிதான். இரும்பு பட்டால் உள்ளே கிடக்கும் வெள்ளி மொத்தத்திலும் செம்பு ஏறிக்கொள்ளும். அப்படிச் செய்கிறவர் கீழ் அறைக்குப் போய் முதல் நிலையிலிருந்து தகடு அறுக்க வேண்டும் என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. என் கவலை நாத்தனார். நான் முடி திருத்துகிறவள், அவள் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். நான் எதில் சேர்ந்தாலும் பின்னாலேயே வந்து சேருவாள். முதல் நிலையில் நான் இரண்டாவது தடவைதான் தேறினேன், அவள் ஒரே தடவையில். அவள் கண்ணெதிரே மறுபடி கீழே இறங்குவதைவிட மொட்டை அடித்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு எல்லோர் வேலையும் சட்டியில் ஊறியது. என் மோதிரம் வெளுத்துவிட்டதா என்று நான் ஏழெட்டுத் தடவை குனிந்து பார்த்தேன். கடைசியில் மாஸ்டர் எடுத்தார். வகுப்பில் எங்களோடு மூன்றாவது ஆளான பல் டாக்டரின் தோடு, நாத்தனாரின் வளையல், என் மோதிரம், மாஸ்டரின் சொந்தச் சங்கிலி எல்லாமே ரோஸ் நிறம்.

“யாருங்க இரும்பைப் போட்டது?”

நான் விடுவேனா? வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தேன்.

“இதைச் சும்மா விடக்கூடாது மாஸ்டர். போட்டவங்கள இப்பவே கீழ அனுப்புங்க. காலையில இருந்து ஒருத்தி முழியே சரியில்ல.”

“என்னையா சொல்றீங்க, அண்ணி?” என்றாள் நாத்தனார்.

“நான் யாரையாவது கை காட்டினேனா?”

மாஸ்டர் ஒரு காந்தத்தை நூலில் கட்டிச் சட்டிக்குள் இறக்கினார். டக்கென்று ஒட்டிக்கொண்டு மேலே வந்தது ஒரு கொண்டை ஊசி.

பல் டாக்டர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். நாத்தனார் முடி நீச்சலுக்காக ஒட்ட வெட்டியது, வெட்டியதே நான்தான். மாஸ்டர் தலையில் மீதியிருப்பது ஒன்பது முடி. ஆறு கண்களும் என் தலைக்கு வந்து நின்றன.

“கொண்டை ஊசின்னா உடனே நான்தானா?” என்று தலையை ஒரு ஆட்டு ஆட்டினேன். கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழுந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. முடியை விலக்க மனசே வராமல் அதற்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தேன். பல் டாக்டர் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் கீழ் அறையில் தகடு அறுத்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து நின்றாள். நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாரானேன். அவள் ஒரு துணிப் பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே ஆறு கொண்டை ஊசிகள், தலையில் குத்தாதபடி முனைகளை உருட்டி ராவியிருந்தாள்.

“செம்பு, அண்ணி. நானே அடிச்சது. இனிமே சட்டியில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “எதுக்குடி ஆறு?”

“அப்பதான் ஒண்ணாவது மிஞ்சும். சீக்கிரம் மேல வாங்க அண்ணி, சண்டை போட ஆளே இல்ல.”