கழுத்து வார்

...இல்லை, அந்த ஸ்வரம் தன்னுடையது இல்லை, ஒலிபெருக்கியில் அது மறுபடி வரும்போது எல்ராய்க்கு உடம்பு சிலிர்க்கிறது, சாக்ஸபோன் தன்னுடையது, மூச்சு தன்னுடையது, பிறகு எப்படி... ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பால் ஹல்பர்ன் கண்ணை மூடிக் கேட்கிறார், மற்றவர்களின் இசைத்தட்டுகளில் ஓரமாக நின்று ஊதியவனுக்கு முதன்முதலாக அவன் பெயரிலேயே தட்டு போடுகிறவர், "இதுதான் எல்ராய், இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்" என்கிறார், எது, எது இதுதான்? நடந்தது இவ்வளவுதான், சாக்ஸபோனைத் தாங்கும் வார் வியர்வையில் கழுத்தை அறுத்தது, தளர்த்துவதற்காகத் தலையைச் சாய்த்தான், பியானோவில் இருந்த க்ளீவ் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு இரண்டு சுற்று முன்னதாகவே பாட்டின் நடுப்பகுதிக்குத் தாவினான், பாஸும் டிரம்ஸும் கூடவே தாவின, அந்தரத்தில் நின்ற எல்ராய் விழாமலிருக்க எதையோ பிடித்தான், கைக்குக் கிடைத்தது அந்த ஸ்வரம். அதற்கு முந்தைய பதிவில் எல்லாம் அவன் எழுதியபடியே இருக்கிறது, குளியலறையில் ஊதி ஊதி, "அந்த வாத்துச் சத்தத்த எப்பதான் நிறுத்தப் போற" என்று மனைவி கோரீன் கதவைத் தட்டத் தட்டத் தேய்த்து எடுத்தது, எவ்வளவு சுத்தம், எவ்வளவு செத்துக் கிடக்கிறது... செத்தது என்று யார் சொன்னது?

"நீ ஏண்டா தாவுன?"

"நீதானடா தலைய ஆட்டுன."

"வாரு அறுத்துச்சுடா."

க்ளீவ் புகையை விட்டுச் சிரிக்கிறான், "அப்ப தட்டோட அட்டையில வாரு பேரையும் போடச் சொல்லு."

போடத்தான் வேண்டுமோ... நாளைக்குக் கிளப்பில் அந்த இடத்தை வாசி என்பார்களே, எங்கே போய்ப் பிடிப்பது, வேண்டுமென்றே விழ முடியுமா, ஆனால் விழுகிற கை எதைப் பிடிக்கும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்துதானே இருந்தது, அப்படியென்றால் அது தன்னுடையதுதானே, அல்லது க்ளீவுடையதா, இன்னொரு தடவை வாசிக்கிறேன் என்று கேட்கலாம், வாயைத் திறந்தால் போதும், "முதல் பதிவா, ரெண்டாவதா? ரெண்டாவதுதானே எல்ராய்?" என்று ஹல்பர்ன் கேட்கிறார், எல்லோரும் அவனைப் பார்க்கிறார்கள், எல்ராயின் தலை அசைகிறது. ஹல்பர்ன் டேப் பெட்டியின் மேல் ஏதோ எழுதி மூடிவிட்டார், க்ளீவ் தன் கோட்டை மாட்டியாயிற்று, எல்ராய் கழுத்துக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்க்கிறான், வார் ஈரமாக இருக்கிறது, இன்னும் அறுக்கிறது, சரி என்றுதான் அசைத்தானா...